மஞ்சள், மிளகு, கிரீன் டீ: தட்டில் சாகும் கலமும் உடம்புக்குள் இருக்கும் புற்றுநோயும்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கத்து வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது: மஞ்சளும் மிளகும் கிரீன் டீயும் சேர்த்துக் குடித்தால் பெருங்குடல் புற்றுநோய்க் கலங்கள் அழிந்துவிடும், விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள் என்று.

அனுப்புகிறவர் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார். செய்திக்கு அடியில் உண்மையான ஆராய்ச்சியும் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின், தேயிலையில் உள்ள கேட்டச்சின்கள், வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின், நாம் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்கும் மரமஞ்சளில் உள்ள பேர்பெரின் ஆகியவற்றைத் தனியாகவும் சேர்த்தும் பெருங்குடல் புற்றுநோய்க் கலங்கள் மேல் உலகில் பல ஆய்வுகூடங்கள் சோதித்திருக்கின்றன. கலங்கள் செத்ததும் உண்மை. ஆனால் தட்டில் இருந்த கலம் செத்ததற்கும் நோயாளி எழுந்து நடப்பதற்கும் நடுவில் நீண்ட வழி கிடக்கிறது. அந்த வழி தெரியாததால் கிளினிக் திகதியை விட்டுவிட்டுத் தூள் பாக்கெட்டை நம்பி இருந்துவிடுகிறவர்கள் எங்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். அதனால்தான் இதை முதலிலிருந்து, உயிரியல் படிக்காதவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

நர்சரிப் பையும் மலைச் சரிவும்

தேயிலை நர்சரியை நினைத்துப் பாருங்கள். வெட்டி எடுத்த துண்டு பொலித்தீன் பையில், நிழலுக்குக் கீழே, அளந்து ஊற்றிய தண்ணீரில் வேர் பிடிக்கிறது. அந்தப் பைக்குப் புதிதாக ஓர் உரக் கரைசலை ஊற்றுகிறோம். கன்று தளதளவென்று வருகிறது. ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: இந்தக் கரைசல் வேருக்கு நேராகப் போய்ச் சேர்ந்தால் வேலை செய்கிறது.

சரி, அதையே மலையில் போட்டால்? மழை ஒரு பங்கை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போகும். மண் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புல்லும் களையும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதுதான் செடியின் வேருக்குப் போக வேண்டும். போனாலும், பையில் இருந்த கன்றும் பல வருடம் கவ்வாத்து வாங்கிய இந்தச் செடியும் ஒன்றல்ல. அதற்காக நர்சரியில் செய்து பார்த்தது வீண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தேறாததை அங்கேயே கழித்துவிட முடிகிறதே, அது பெரிய லாபம். ஆனால் பையில் பார்த்ததை மட்டும் வைத்து முழு மலைக்கும் உரம் வாங்கச் சொல்லும் துரை யாரும் இல்லை.

ஆய்வுகூடத் தட்டுதான் அந்தப் பை. மனித உடம்புதான் மலை.

தட்டில் இருப்பது யாருடைய கலம்?

கலம் என்பது உடம்பைக் கட்டியிருக்கும் மிகச் சிறிய உயிருள்ள அலகு. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள கலங்கள் சில நாட்களில் தேய்ந்து உதிர்ந்துபோக, புதியவை அந்த இடத்துக்கு வருகின்றன. எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது சாக வேண்டும் என்பதற்கெல்லாம் கலத்துக்குள் கட்டளைகள் உண்டு. அந்தக் கட்டளைகளைத் தாங்கும் பரம்பரையலகுகளில் பிழைக்கு மேல் பிழை சேரும்போது, கலம் நிற்காமல் பெருகத் தொடங்குகிறது. இதுதான் புற்றுநோய். பெருங்குடலில் இது பெரும்பாலும் பொலிப் என்ற சிறு முளையாகத் தொடங்குகிறது. முளை புற்றுநோயாக மாறப் பல வருடங்கள், பலருக்குப் பத்து வருடத்துக்கும் மேல், ஆகும்.

ஆய்வுகூடத்தில் பயன்படுவது கலவரிசை. ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து, தட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் கலக் கூட்டத்துக்கு அந்தப் பெயர். பெருங்குடல் ஆராய்ச்சியில் அடிக்கடி வரும் எச்.டி.-29 என்ற கலவரிசை 1964இல் ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. இன்றும் பல நாடுகளில் அதே வரிசையை வளர்க்கிறார்கள். இதில் பெரிய வசதி உண்டு. ஜப்பானில் ஒருவர் செய்த சோதனையைப் பேராதனையில் இன்னொருவர் அதே வகைக் கலத்தில் செய்து சரிபார்க்கலாம்.

குறையும் அதிலேயே இருக்கிறது. 37 பாகை வெப்பத்தில், ஊட்டத் திரவத்துக்குள், ஒற்றைப் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கலங்களுக்கு இரத்தக் குழாய் இல்லை, ஈரல் இல்லை, காவலுக்கு வெண்குருதிக் கலம் இல்லை. ஊற்றிய பொருள் முழுவதும் அப்படியே கலத்தின்மேல் போய் விழுகிறது.

செத்ததை எப்படி அளக்கிறார்கள்?

உள்ளங்கை அளவான பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் கலங்களை இடுகிறார்கள். சில குழிகளுக்கு மருந்துப் பொருள் குறைந்த செறிவில், சிலவற்றுக்குக் கூடிய செறிவில். செறிவு என்றால் குறித்த அளவு திரவத்தில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பது. சில குழிகளுக்குப் பொருளே இல்லாமல், அதைக் கரைக்கப் பயன்பட்ட திரவம் மட்டும். இந்தக் கடைசிக் குழிகள்தான் கட்டுப்பாடு. இவை இல்லாவிட்டால் கலத்தைக் கொன்றது பொருளா, கரைத்த திரவமா என்று சொல்லவே முடியாது.

ஒன்றிரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயம் சேர்க்கிறார்கள். உயிரோடு இருக்கும் கலம் அந்தச் சாயத்தை ஊதா நிறமாக மாற்றும், செத்த கலம் மாற்றாது. ஊதா எவ்வளவு அடர்த்தி என்று ஒளியால் அளந்து, எத்தனை பங்கு கலம் மிஞ்சியது என்று கணக்கிடுகிறார்கள். இது 1983இல் வெளியான எம்.டி.டி. சோதனை. கலங்களின் பாதியை மிஞ்சவிடும் செறிவுக்கு அரைத்தடைச் செறிவு என்று சொல்லலாம். அது சிறிய எண்ணாக இருந்தால் பொருள் வலியது.

தாவரப் பொருட்களைச் சோதிக்கும்போது இந்த இடத்தில் தனிக் கவனம் வேண்டும். குர்குமின் தானே மஞ்சள் நிறம். சில தாவரச் சேர்வைகள், அதாவது தாவரத்தில் உள்ள இரசாயனப் பொருட்கள், கலத்தின் உதவி இல்லாமலே அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். அப்போது செத்த கலமும் உயிரோடிருப்பதாகக் கணக்கு வரும். கிரீன் டீயின் முக்கிய கேட்டச்சினான ஈ.ஜி.சி.ஜி. ஊட்டத் திரவத்திலேயே ஒட்சிசனோடு தாக்கமுற்று ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கும். புண்ணைக் கழுவ ஆஸ்பத்திரியில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள். அப்படி ஆனால் கலத்தைக் கொன்றது தேயிலைச் சேர்வையா, தட்டில் உண்டான பேரொட்சைட்டா? நல்ல ஆய்வுக் குழுக்கள் பேரொட்சைட்டைச் சிதைக்கும் நொதியத்தை (உயிர்களில் இரசாயன மாற்றங்களை வேகமாக நடத்தும் புரதத்தை) சேர்த்துத் திரும்பச் செய்து பார்க்கின்றன. சில சோதனைகளில் அப்போது கொல்லும் சக்தி பெருமளவு காணாமல் போயிருக்கிறது.

கலம் எப்படிச் செத்தது என்பதும் பார்க்கப்படும். கலத்துக்குள்ளேயே இருக்கும் கட்டளைப்படி, அக்கம்பக்கத்தைக் கெடுக்காமல் சுருங்கிச் சாவதற்குத் திட்டமிட்ட கலச்சாவு என்று பெயர். புற்றுநோய்க் கலம் தட்டிக்கழிப்பது இந்தக் கட்டளையைத்தான். ஒரு பொருள் அதை மறுபடி முடுக்கினால் ஆராய்ச்சியாளருக்கு நம்பிக்கை. கலத்தின் சுவரைக் கிழித்து வெடிக்க வைத்தால் அது சாதாரண நஞ்சாகவும் இருக்கலாம். அதனால்தான் ஆரோக்கியமான பெருங்குடல் கலங்களிலும் அதே பொருளைச் சோதிக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரிக் கொன்றால் அதில் மருந்துக் குணம் எதுவும் காணப்படவில்லை. சவர்க்காரத் தண்ணீரும் தட்டில் உள்ள புற்றுநோய்க் கலத்தைக் கொல்லும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தட்டுச் சோதனை, பல காலம் வளர்த்த ஒரு கலவரிசைமேல், தெரிந்த செறிவில் பொருளை நேராக ஊற்றிப் பார்ப்பது. கட்டுப்பாடும் ஆரோக்கியமான கலமும் பக்கத்தில் இல்லாமல் வரும் எண்ணுக்கு மதிப்புக் குறைவு.

இரண்டைச் சேர்க்கும்போது கணக்கு மாறுகிறது

அதிகம் குழப்பம் உண்டாவது இங்கேதான். முதலாவது பொருள் தனியாக 40 வீதக் கலங்களைக் கொல்கிறது, இரண்டாவது தனியாக 30 வீதம் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்த்தால் 70 என்றுதான் மனம் சொல்லும். கணக்கு அப்படி வராது. முதலாவது 40ஐக் கொன்றபின் 100இல் மிஞ்சுவது 60. இரண்டாவது அந்த 60இல் 30 வீதத்தை, அதாவது 18ஐக் கொல்லும். மொத்தம் 58. ஒன்றுக்கொன்று உதவாமலும் இடைஞ்சல் செய்யாமலும் தத்தம் வேலையைப் பார்த்தால் வர வேண்டிய எண் இது.

58ஐ ஒட்டி வந்தால் வெறும் கூட்டுவிளைவு. தெளிவாக அதற்கு மேலே, 80 என்று வந்தால், ஒன்று மற்றதன் கையை வலுப்படுத்துகிறது. அதைக் கூட்டாற்றல் என்பார்கள். 45 என்று வந்தால் ஒன்று மற்றதைத் தடுக்கிறது, அது முரண்விளைவு. "சேர்த்தபோது தனியாக விட அதிகம் செத்தது" என்று ஒரு செய்தி சொன்னால், அது கூட்டாற்றலுக்கு ஆதாரமே இல்லை. 58உம் 40ஐவிட அதிகம்தானே.

இன்னொரு பொறி உண்டு. பல பொருட்களில் அளவை இரட்டித்தால் விளைவு இரண்டு மடங்குக்கும் மேலே தாவும். ஒரு பங்கு 10 வீதத்தைக் கொல்லும், இரண்டு பங்கு 50 வீதத்தைக் கொல்லும். அதே பொருளை இரண்டு போத்தலில் பிரித்து வெவ்வேறு பெயர் ஒட்டிக் கலந்தாலும் "சேர்ந்ததும் வலு கூடியது" என்று தோன்றும். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான் சேர்க்கைச் சுட்டி என்ற அளவை இருக்கிறது. சௌ, டலாலே என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட முறை அதற்கு அடிப்படை. சுட்டி 1க்குக் கீழே என்றால் கூட்டாற்றல், 1 என்றால் கூட்டுவிளைவு, 1க்கு மேலே என்றால் முரண். ஒரே இரண்டு பொருள்கள் ஒரு விகிதத்தில் உதவி செய்து, இன்னொரு விகிதத்தில் இடறவும் கூடும். அதனால் "மஞ்சளும் கிரீன் டீயும் நல்ல ஜோடி" என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் இல்லை. எந்தச் சேர்வை, எவ்வளவுக்கு எவ்வளவு, எந்தக் கலவரிசை என்று மூன்றும் தெரிய வேண்டும்.

சேர்க்கை உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

புற்றுநோய்க் கலத்துக்கு உயிர் பிழைக்க ஒரு வழி மட்டும் இருப்பதில்லை. ஒன்றை அடைத்தால் இன்னொன்றால் போகும். இரண்டு பொருள்கள் இரண்டு வழிகளை ஒரே நேரத்தில் அடைக்கும் என்பது சேர்ப்பதற்கான முதல் காரணம்.

ஒன்று மற்றதற்குப் பிடி கொடுப்பது இன்னொரு விதம். பெருங்குடல் புற்றுநோய்க்கு இன்று ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் மருந்துகளிலேயே இதற்கு அருமையான உதாரணம் உண்டு. 5-புளோரோயுராசில் என்ற மருந்து, கலம் தன் டி.என்.ஏ.வைக் கட்டத் தேவையான ஒரு நொதியத்தில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. அதோடு லியூகோவோரின் என்ற, போலிக் அமில விட்டமின் குடும்பத்தைச் சேர்ந்த பொருளையும் ஏற்றுகிறார்கள். லியூகோவோரின் தனியாகப் புற்றுநோய்க் கலத்தைக் கொல்வதில்லை. மருந்து அந்த நொதியத்தில் இறுக்கமாகவும் நெடுநேரமும் ஒட்டியிருக்க உதவுகிறது. கூட்டாற்றல் என்பது கற்பனை இல்லை, அது நோயாளிகளுக்கு உதவுகிறது.

அதேபோல் முரண்விளைவும் கற்பனை இல்லை. மயலோமா என்ற எலும்புமச்சைப் புற்றுநோய்க்குப் போர்ட்டெசோமிப் என்ற மருந்து உண்டு. கிரீன் டீயின் ஈ.ஜி.சி.ஜி. இந்த மருந்தின் மூலக்கூறோடு நேரடியாகப் பிணைந்து, அதை வேலை செய்யவிடாமல் தடுப்பதை 2009இல் கலங்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். ஆராய்ந்தவர்கள் எதிர்பார்த்தது உதவி, கிடைத்தது தடை. இயற்கையானது சேர்த்தால் நன்மை வராவிட்டாலும் தீமை வராது என்று நம்பிக்கையோடு சொல்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்டைக்குக் கீழே போனதும்

இனி மலைக்கு வருவோம். குர்குமினை வாயால் உட்கொண்டால் மிகச் சிறிய பங்கே இரத்தத்துக்குப் போகிறது. குடற்சுவரும் ஈரலும் அதை வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. 1998இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அதைக் காண்பதே கடினமாக இருந்தது. மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உறிஞ்சப்பட்ட அளவு 2000 வீதம் கூடியது. வாட்ஸ்அப் செய்திகளில் மிளகு நுழைந்தது இந்த ஆய்வால்தான். பெரிய எண்தான். ஆனால் ஒன்றுமில்லாத அளவுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று பலமடங்கானாலும், தட்டில் வழக்கமாக ஊற்றும் செறிவுக்குக் கீழேயே நின்றது. அத்தோடு மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 வீதம்தான். 2 கிராம் குர்குமினுக்கு 60, 70 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். ஒரு கறிக்கு நாம் போடுவது கால் தேக்கரண்டி.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரத்தத்துக்குப் போகாமல் மிஞ்சும் குர்குமின் குடல் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. ஆகவே மற்ற உறுப்புகளைவிடப் பெருங்குடலின் உட்சுவர் அதை அதிகம் சந்திக்கிறது. இந்தச் சேர்வைகளுக்குப் பெருங்குடல் புற்றுநோயை ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுப்பதற்கு இது நல்ல காரணம். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட நோய்க்கு இந்தக் காரணம் பொருந்தாது.

தேயிலை விஷயத்தில் எங்களுக்குத் தெரிந்த தொழிலே பாதி விளக்கம். கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றில் நிறம் மாறவிடும்போது கேட்டச்சின்களில் பெரும்பகுதி வேறு சேர்வைகளாக மாறி, கறுப்புத் தேயிலையின் நிறத்தையும் சுவையையும் தருகிறது. கிரீன் டீக்கு, அந்த மாற்றம் தொடங்குமுன் கொழுந்தைச் சூடாக்கி நொதியங்களை அடக்கிவிடுவார்கள். ஆகவே ஈ.ஜி.சி.ஜி. பற்றிய சோதனை முடிவை லயத்தில் குடிக்கும் சாயத்தண்ணிக்கு அப்படியே மாற்றிச் சொல்ல முடியாது. கிரீன் டீ குடித்தாலும் இரத்தத்தில் ஏறுவது தட்டில் ஊற்றும் செறிவில் சிறு பங்குதான். அந்த இடைவெளியை நிரப்பக் குளிசையாக விழுங்கினால் வேறு சிக்கல். 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈ.ஜி.சி.ஜி.யைக் குளிசைகளாக எடுப்பது ஈரல் பாதிப்பின் அறிகுறிகளோடு தொடர்புபட்டிருப்பதாக மதிப்பிட்டது.

இந்தப் பகுதியின் சாரம்: தட்டில் வேலை செய்த செறிவு உடம்பில் அந்த இடத்துக்குப் போய்ச் சேருமா என்பதே அடுத்த கேள்வி. பெரும்பாலான சேர்வைகள் நின்றுவிடுவது இங்கேதான்.

மனிதர்களில் பார்த்தபோது

பரம்பரையாக வரும் ஒரு நோயில் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பொலிப்கள் முளைக்கும். 2006இல் அமெரிக்காவில் இந்த நோயுள்ள 5 பேருக்குக் குர்குமினும் குவெர்செட்டினும் சேர்த்து ஆறு மாதம் கொடுத்தார்கள். பொலிப்களின் எண்ணிக்கை சராசரியாக 60 வீதம் குறைந்தது. மிகவும் உற்சாகம் தந்த முடிவு. ஆனால் வெறும் 5 பேர், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத குழு இல்லை. பிறகு அதே துறையினர் 44 பேரை எடுத்து, ஒரு பாதிக்குக் குர்குமின், மறு பாதிக்கு அதைப் போலவே தோன்றும் வெற்றுக் குளிசை என்று ஒரு வருடம் கொடுத்தார்கள். தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்கும் தெரியாது. 2018இல் முடிவு வந்தபோது இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்த இரண்டாவது சோதனையில் குவெர்செட்டின் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே அந்த ஜோடி தோற்றது என்று சொல்ல முடியாது. வென்றதற்கும் சான்று இல்லை.

மரமஞ்சளின் பேர்பெரினுக்கு நல்ல செய்தி உண்டு. சீனாவில், பொலிப் அகற்றப்பட்டவர்களுக்குப் பேர்பெரின் குளிசையும் வெற்றுக் குளிசையும் கொடுத்து இரண்டு வருடம் கவனித்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி பேர்பெரின் எடுத்தவர்களில் 36 வீதத்தினருக்கும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 47 வீதத்தினருக்கும் பொலிப் திரும்பி வந்தது. எனக்கு இதில் மகிழ்ச்சி, ஏனென்றால் முறையாகச் சோதித்துக் கிடைத்த வித்தியாசம் இது. ஆனால் கொடுத்தது தூய்மையாக்கி அளந்த குளிசை. பார்த்தது பொலிப் திரும்புவதை. வந்துவிட்ட புற்றுநோய் கரைந்ததாக யாரும் காட்டவில்லை.

தாவரத்திலிருந்து பெருங்குடல் புற்றுநோய் மருந்து வந்தே இருக்கிறது. சீனத்து மரமொன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற சேர்வையை 1966இல் பிரித்து அறிவித்தார்கள். தட்டில் அபாரமாக வேலை செய்தது. 1970களில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது கடும் பக்கவிளைவுகளால் நிறுத்த வேண்டி வந்தது. அதன் மூலக்கூறை மாற்றி மாற்றி, கடைசியில் இரினோடெக்கான் என்ற மருந்தாக 1996இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. முப்பது வருடம். இன்று அதை 5-புளோரோயுராசில், லியூகோவோரினோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

கையில் செய்தியோ தூளோ இருக்கும்போது

அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் பாருங்கள்: சோதித்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு இருந்ததா? சேர்வை தூயதா, சமையலறைத் தூளா? இதற்கெல்லாம் பதில் இல்லாத செய்தியை அனுப்பாமல் விட்டுவிடலாம்.

மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று நினைத்துக் கை மருந்தில் மாதக்கணக்காக ஓட்ட வேண்டாம். மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறி அப்படியே நீடித்தால், உடம்பு காரணமில்லாமல் மெலிந்தால், இரத்தச்சோகை மருந்து எடுத்தும் களைப்புப் போகாவிட்டால், தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பெண்களின் களைப்பை மலை ஏறிக் கொழுந்து பறிக்கும் வேலையின் மேலேயே போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அந்தக் களைப்பு சிலருக்குக் குடலில் மெல்லக் கசியும் இரத்தத்தால் வந்ததாகவும் இருக்கலாம்.

ஏற்கெனவே கண்டியிலோ பதுளையிலோ மகரகமவிலோ சிகிச்சையில் இருப்பவர்கள், கறியில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் பயப்படத் தேவையில்லை. செறிவாக்கிய குளிசை, எக்ஸ்ட்ராக்ட், தினமும் குடிக்கும் கஷாயம் ஆகியவற்றை மட்டும் டொக்டரிடம் மறைக்காதீர்கள். மிளகின் பைப்பரின் மெதுவாக்கும் சில நொதியங்கள்தான் பல மருந்துகளையும் உடம்பிலிருந்து வெளியேற்றுகின்றன. அதனால் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடிவிடலாம். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் பாக்கெட்டையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். எத்தனை கரண்டி, எந்த நேரம், எப்போதிலிருந்து என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கிளினிக்கில் சிங்களத்தில் பேசத் தயக்கமென்றால் பேசத் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் காகிதத்தை மருந்து ஏற்றுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.